நடு மஞ்சள்

எழுபதுகளின் கடைசியில், காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று எய்தவன் சிங்கம்புணரிப் பக்கத்துப் பையன். ஒல்லி உடம்பு, தொளதொளத்த சட்டை. எய்வதற்கு முன்னால் தன் இலக்கு வரை நடந்துபோய், நடு மஞ்சள் வட்டத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டுத் திரும்புவான். சாமி கும்பிடுகிறான் என்று நாங்கள் சிரித்தோம்.

கடைசியில் அவனும் நானும் சமமாக நின்றோம். ஆளுக்கு ஓர் அம்பு என்றார்கள். புதுக் காகிதம் ஒட்டி, இலக்குகளை நகர்த்தி வைத்தார்கள். தொடப் போனவனை நடுவர் அதட்டி, கோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

வெகுநேரம் நாணை இழுத்துப் பிடித்திருந்தான். விட்ட அம்பு என் இலக்கில் தைத்தது. அடுத்தவன் இலக்கில் தைத்தால் புள்ளி கிடையாது.

அம்பு பிடுங்கப் போனபோது, "என்னுதுல எதுக்குப்பா அடிச்சே?" என்று எரிச்சலாகக் கேட்டேன்.

"இது ஒங்களுதா?" என்று தடவிப் பார்த்தான். "அங்குட்டு நின்னா மஞ்சளெல்லாம் புகையாட்டந்தான் தெரியுது. தொட்டுட்டுப் போனா எந்தப் பக்கம்னு ஒரு நெதானம் இருக்கும். இந்த வருசம் ரொம்ப மங்கிருச்சு. எங்க வாத்தியார்ட்ட சொல்லிறாதீக, அப்பறம் வில்லைத் தொட விடமாட்டாரு."

நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் வரவும் இல்லை.

கோப்பையை எனக்குத்தான் கொடுத்தார்கள். என் அம்பு மஞ்சளுக்கு வெளியே, சிவப்பில் இருந்தது. நட்டநடுவில் நின்றது அவனுடையது.