மாமா தொட்டுக் கும்பிட்ட ஆட்டம்

ஒக்ரோபர் மாதம் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு ஞாயிறுகள் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். அப்பா முன்பக்கப் புல்லை வெட்டுவார். பின்பக்கத்துக்கு வந்ததும் அடுத்த வீட்டு அங்கிளோடு வேலிக்கு மேலால் கதை தொடங்கிவிடும். பின்பக்கப் புல் அடுத்த ஞாயிற்றுக்கு ஒதுக்கப்படும். அம்மா இடியப்பம் அவிப்பார். நான் பள்ளிக்கூடச் சப்பாத்தைத் துடைத்து யன்னலுக்குக் கீழே வெயிலில் சோடியாக வைப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. அன்றும் இவை எல்லாம் நடந்தன, ஆனால் வழமையைவிட முந்தியே முடிந்துவிட்டன. மாமாவின் ஆட்டத்தைப் பார்க்க அம்மா முதல் தடவையாக வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. சிறு வயதிலேயே தாயை இழந்தவரை அம்மாதான் வளர்த்தார். சிட்னிக்கு எங்களிடம் வந்து சேர்ந்தபோதே வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வரவேண்டியிருந்தது. பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை. அங்கே குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அவர் தனியாகத் தூக்கிப்போவதைக் கண்ட ஒருவர், அன்று பின்னேரமே அவரை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். ஓடுவதற்கு ஒரு கூட்டம், ஓடுபவரை விழுத்துவதற்கு வேறொரு கூட்டம். மாமா விழுத்துகிற கூட்டம். ஊரில் தாச்சி விளையாடும்போது கோட்டில் நின்று ஓடுபவரை மறித்துப் பழகியவர் அவர். எதிரே வருபவரின் கண்ணை நம்பாமல் இடுப்பைப் பார்க்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“பந்தையே தொடாமல் விளையாடுறாய். மனுசரை இடிக்கிறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பினமோ மச்சான்?” என்று அப்பா கேட்பார்.

“அமெரிக்காவில குடுப்பினம் அத்தான்” என்பார் மாமா.

அது பகிடி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த ஞாயிறு அமெரிக்காவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். சம்பளம் கொடுக்கிற அணி ஒன்றின் ஆள். பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போக இங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர், மறுநாள் காலை விமானம் ஏறுகிறார். மாமாவுக்கு இருந்தது அந்த ஓர் ஆட்டம்தான். 

மைதானம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. காற்று பலமாக அடித்தது. அப்பா மடக்குக் கதிரைகளை விரித்தார். அம்மா மடியில் காலையில் பொரித்த ரோல்ஸ் இருந்த பெட்டியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்களிலிருந்து சற்றுத் தள்ளி, வெள்ளைத் தொப்பியோடு அந்த அமெரிக்கர் நின்றார்.

எதிரணியில் பந்தோடு ஓடுபவர் பசிபிக் தீவான தொங்கா நாட்டுக்காரர். முதுகில் முப்பத்திரண்டாம் இலக்கம். மாமாவை விடவும் அகலம். அவர் முதல் தடவை பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவர, மாமா குறுக்கே பாய்ந்தார். அந்தச் சத்தத்துக்கு அம்மா “ஐயோ முருகா” என்று எழும்பிவிட்டார். இருவரும் புல்லில் கிடந்தார்கள். மாமா முதலில் எழும்பினார். எழும்பும்போது அவருடைய கால் கீழே கிடந்தவரின் தோளில் பட்டது. மாமா உடனே குனிந்து அந்தத் தோளைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா மெல்ல உட்கார்ந்தார். “பார்த்தீங்களே, எவ்வளவு பெரிய ஆளாய் வளர்ந்தும் மறக்கேல்லை” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்போது நடுவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவி மாமாவின் காலடியில் எறிந்தார்.

“என்னது, பரிசோ?” என்றார் அம்மா.

மஞ்சள் என்றால் மங்கலமாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்பா கைதட்டினார். நானும் கைதட்டினேன். மாமாவின் ஆட்கள் இருந்த பக்கத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் கைதட்டவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு போய் எதிரணிக்குச் சாதகமாகப் பதினைந்து யார் தூரம் முன்னால் வைத்தார்கள். மாமாவின் பயிற்சியாளர் கோட்டோரம் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

சிறிது நேரத்தில் அதே முப்பத்திரண்டை மாமா மீண்டும் விழுத்தினார். மீண்டும் கால் பட்டது. மீண்டும் கை கண்ணுக்குப் போனது. மீண்டும் மஞ்சள் துணி. இந்த முறை நடுவர் மாமாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஏதோ சொன்னார். வெள்ளைத் தொப்பிக்காரர் தலையை ஆட்டியபடி சொசேச் விற்கிற இடத்துக்கு நடந்துவிட்டார்.

இடைவேளையில் மாமாவின் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். விழுந்தவரைத் தொட்டுக் கண்ணைக் காட்டுவது, ‘என் கண் உன்மேல்தான், மறுபடி வா பார்ப்போம்’ என்று கேலி செய்வதாம். இன்னொரு தடவை செய்தால் மாமா வெளியே போகவேண்டுமாம்.

“கேலியோ? இவனோ?” அம்மாவுக்கு நம்பமுடியவில்லை. மாமாவைக் கூப்பிட்டார். “தம்பி, இனிக் கும்பிடாதை.”

“கை தன்ர பாட்டில போகுது அக்கா. நான் நினைச்சுச் செய்யிறேல்லை.”

“அப்ப கால் படாமல் விழுத்து.”

மாமா பரிதாபமாகப் பார்த்தார். “அக்கா, ஆளுக்கு மேல விழுறதுதான் என்ர வேலை.”

மூன்றாம் பகுதியில் நான் பார்த்தது என் மாமாவை அல்ல. முப்பத்திரண்டு ஓடிவந்தபோது அவர் ஓர் அடி பின்வாங்கினார். காலை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்போல நின்றார். பிடித்த பிடி சட்டையில்தான் இருந்தது, ஆள் போய்விட்டார். எதிரணி கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தது. அடுத்த தடவையும் அப்படித்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், “அந்தப் பெரியவனுக்குப் பயம் பிடிச்சிட்டுது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“பயமில்லை” என்றார் அம்மா, யாருக்கென்று இல்லாமல். “மன்னிப்புக் கேட்க விடாட்டி அவன் எப்பிடி ஆளை அடிப்பான்?”

கடைசிப் பகுதிக்காக அணிகள் பக்கம் மாறிக்கொண்டிருந்தன. அம்மா ரோல்ஸ் பெட்டியை அப்பாவின் மடியில் வைத்தார். “பிள்ளை, வா என்னோட” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார். “எங்க போறாய்? இஞ்ச வா!” என்று அப்பா பின்னால் கத்தினார். அம்மா நடுவரிடம் போகவில்லை. நேரே முப்பத்திரண்டிடம் போனார்.

அந்த மனிதர் தண்ணீர்ப் போத்தலோடு எங்களைக் குனிந்து பார்த்தார். அம்மா அவருடைய தோளைக் காட்டி, தன் காலைக் காட்டி, கையைக் கண்ணில் ஒற்றிக் காட்டினார். “சொல்லு பிள்ளை. எங்கட ஆக்களில கால் ஆரிலயும் பட்டால் தொட்டுக் கும்பிட வேணும். அவனுக்கு அதைப் பழக்கினது நான். பிழையெண்டால் என்னைப் பேசச் சொல்லு.”

நான் சொன்னேன்.  அவர் அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அவன் இவ்வளவு நேரமும் என்னிடம் மன்னிப்பா கேட்டுக்கொண்டிருந்தான்?” என்று கேட்டார். தங்கள் வீட்டிலும் மூத்தவர்களின் தலைக்கு மேலால் கை நீட்டினால் மன்னிப்புக் கேட்காமல் விடமாட்டார்களாம். தான் அதை மறந்த நாளில் தன் தாயிடம் வாங்கிய அடி, இன்று மாமா கொடுத்ததை விடப் பலமானது என்றார்.

அவரே எங்களை நடுவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுவர் நரைத்த மீசைக்காரர். தாய் ஒருத்தி மைதானத்துக்குள் வந்ததற்கு எந்தத் துணியை எறிவது என்று தெரியாதவர்போல நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அடிபட்டவருக்கு முறைப்பாடு இல்லையென்றால், கைகுலுக்கியதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சுருக்கமாக முடிக்கச் சொல்லுங்கள்” என்றார்.

திரும்பி வரும்போது மாமாவைக் கடந்தோம். நடையை நிறுத்தாமலே அம்மா சொன்னார்: “கும்பிடலாம். போய் விழுத்து.”

அதன் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காக வரிசைப்படுத்த முடியாது. நான் கதிரைக்கு மேல் ஏறி நின்றேன், அப்பா என் சட்டையைப் பிடித்திருந்தார். மாமா ஓடுபவர்களையும் விழுத்தினார், பந்து எறிபவரையும் விழுத்தினார், ஒரு தடவை இருவரை ஒன்றாக விழுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஒரு தொடுகை, கண்ணில் ஓர் ஒற்றல், உடனே தன் இடத்துக்கு ஓட்டம். “இவன் என்ன, மைதானம் முழுக்கக் கும்பிட்டு முடிப்பான் போல” என்றார் அப்பா. வெள்ளைத் தொப்பி எப்போது திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது கையில் சொசேச்சோடு கோட்டுக்கு மிக அருகில் நின்றது, சொசேச் ஆறிப்போயிருந்தது.

எங்கள் அணியும் புள்ளி எடுத்து நான்கு புள்ளியால் முன்னுக்கு வந்தது. அவர்கள் கோட்டைத் தாண்டினால் ஆறு கிடைக்கும். நேரம் முடிந்துகொண்டிருந்தது, அவர்களுக்கு அது கடைசி வாய்ப்பு. கோட்டுக்கு ஒரு யார் தூரம்தான் இருந்தது. பந்தை யாரிடம் கொடுப்பார்கள் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்திரண்டு தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மாமா ஆட்களின் முதுகுகளுக்கு மேலால் எழும்பிப் பாய்ந்தார். இருவரும் மோதிய இடத்திலேயே நின்றார்கள். ஒரு கணம் அங்கே யாருமே அசையவில்லை. பிறகு முப்பத்திரண்டு மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்தார். பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

மாமா தொட்டுக் கும்பிட்டார். கீழே கிடந்த அந்த மனிதர் கையை நீட்டி மாமாவின் நெஞ்சைத் தொட்டு, தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். நடுவரின் கை இடுப்புக்குப் போனது. விசிலை எடுத்து ஊதினார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் எங்களிடம் வந்து அம்மாவுக்குக் கைகொடுத்தார். தை மாதம் முகாம் தொடங்குகிறது என்றும், மாமாவை அனுப்பிவைக்கும்படியும் சொன்னார். நான் அதைக் கத்திக் கத்தி மொழிபெயர்த்தேன். அப்பா பெட்டியைத் திறந்து அமெரிக்கருக்கும், நடுவருக்கும், முப்பத்திரண்டுக்கும் ரோல்ஸ் கொடுத்தார். முப்பத்திரண்டு மூன்று எடுத்தார். அம்மா சிரித்தபடியே நின்றார்.

மாமா முகாமுக்குப் போனார், அணியிலும் எடுக்கப்பட்டார். முதல் வருடம் பெரும்பாலும் வாங்கிலில் உட்கார்ந்திருந்தார், இரண்டாம் வருடம் களத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அந்த ஊர்ச் சிறுவர்கள் காரணம் தெரியாமலே ஒருவரையொருவர் விழுத்திவிட்டுத் தொட்டுக் கும்பிடுகிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்று பின்னேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் வென்றுவிட்டோம் என்பதுதான். வீடு நிறைய ஆட்கள். அப்பா வரவேற்பறையில் அடுத்த வீட்டு அங்கிளைச் செற்றியில் விழுத்தி, கடைசி மோதலை நடித்துக் காட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்தும் விடியாமலும் அம்மா முதலில் செய்த வேலை, மாமாவைத் தட்டி எழுப்பியதுதான். சத்தம் கேட்டு நானும் எழும்பிப் போனேன். அதுவரை அம்மா அவரைக் குசினியில் ஒரு கரண்டிகூட எடுக்க விட்டதில்லை. அன்று சட்டியில் அரிசியைப் போட்டு அவர் கையில் கொடுத்து, “கழுவு” என்றார்.

மாமா அரைத் தூக்கத்தில் கழுவினார். “தண்ணி எவ்வளவு அக்கா?”

“விரலை வைச்சுப் பார். முதல் வரி மட்டும்.”

விரல் வீங்கியிருந்தது, வரியே தெரியவில்லை. அம்மா அந்தக் கையைப் பிடித்துச் சட்டிக்குள் நிமிர்த்தி வைத்தார். வென்று வந்த மனிதருக்கு விடியற்காலையில் இப்படியொரு தண்டனையா என்று எனக்குக் கோபம் வந்தது.

“பாவம் அம்மா, மாமாவைப் படுக்க விடுங்கோ” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “தைக்கு இன்னும் மூண்டு மாசம்தான் கிடக்கு. அடுப்பை நீயே பத்த வை, தம்பி” என்று மாமாவிடம் சொன்னார்.