ரத்தம் நின்ற பிறகு

மூக்கில் ரத்தம் என்று யார் வந்தாலும் அந்தப் பெண் வந்து என் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. வேலையைப் பார்க்கிறேன்.

மைசூரில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் டாக்டர் என் தலையில் கட்டிவிடுவார். அப்படி வந்தவர்தான் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக் கொத்தனார். மனைவி அவர் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றி, தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தபடியே ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியாகி, சட்டையெல்லாம் சிவப்பு.

எனக்கு எரிச்சல் வந்தது. தலையைச் சாய்க்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்வது? முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுக்கிப் பிடித்தேன். வாயால் மூச்சு விடச் சொன்னேன். "நின்னுடுச்சுங்களா, நின்னுடுச்சுங்களா" என்று மனைவி நச்சரித்தார். நடுவில் விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நின்றது. மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

பிரஷர் எக்கச்சக்கமாக இருந்தது. மறுபடி வரவழைத்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார்.

"மாத்திரை சூடுங்களே சிஸ்டர். சூட்டுலதானுங்களே ரத்தமே வந்துது?"

"சூடெல்லாம் இல்லைம்மா. ரத்தம் வந்தாலும் வராட்டியும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

இருவரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

அடுத்த கோடையில் அந்தப் பெண் தனியாக வந்தார். நெற்றியில் பொட்டில்லை. வேலைக்குக் கிளம்பிய கணவர் வாசலிலேயே விழுந்தாராம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருந்தார்?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அதுக்கப்புறம் ஒரு சொட்டுக்கூட வர்லீங்க. சூடு தணிஞ்சுபோச்சுன்னு நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன்."

பெஞ்சில் உட்காரவைத்தேன். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெதமும் காலைல அவரு மூக்கத் தொடச்சுப் பாப்பேனுங்க சிஸ்டர். அன்னைக்கும் பாத்தேனுங்க. சுத்தமா இருந்துதுங்க."