வந்தவர் பேசக் கூடாது

தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று, வார்டன் மேடம் எங்களை மெஸ் ஹாலில் உட்கார வைத்துச் சட்டங்களைச் சொன்னார். மாடி வராந்தாவில் நிற்கக் கூடாது. ஈரத்தலையோடு சாப்பிட வரக் கூடாது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை, நாகூரில் எங்கள் உம்மாவின் சட்டங்கள் இன்னும் கடுமை. டேப் ரெக்கார்டர் விஷயம் மட்டும் உறுத்தியது.

என் வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது போனவர். இந்த வருஷம் லீவு, அடுத்த வருஷம் லீவு என்று முதலாளி இழுத்தடித்ததில் நான் கல்லூரிக்கே வந்துவிட்டேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். "அஸ்ஸலாமு அலைக்கும் கண்ணு, வாப்பா பேசறேன்" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். நடுவில் இருமுவார், தூரத்தில் கார் ஹாரன் கேட்கும். எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரலை நான் கண்டுபிடித்துவிடுவேன். முகத்துக்கு, வீட்டில் மாட்டியிருந்த போட்டோ ஒன்றுதான். மழித்த முகம், கருகருவென்ற முடி, யாருடைய காரிலோ ஒரு சாய்வு.

மேடம் கடைசியாகச் சொன்ன சட்டம் வினோதமானது. பார்க்க வருகிறவர் விசிட்டர் அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவி வந்து, இவர் எனக்கு இன்ன உறவு என்று முதலில் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் எவனோ ஒருத்தன், "நான் உன் சித்தப்பா, அப்பாவுக்கு உடம்பு முடியலை, கிளம்பு" என்று ஒரு பெண்ணைக் கூட்டிப்போகப் பார்த்தானாம்.

என் அறைத்தோழிக்குத் திருக்காட்டுப்பள்ளி. நடவு நேரத்திலும் ஞாயிறு தவறாமல் அவள் அப்பா வந்துவிடுவார். பாதிப் படியிலிருந்தே "எங்க அப்பா மேடம்" என்று கத்துவாள். அந்த மாதிரி அப்பாக்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. பிழைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட அப்பாக்கள் யார் நினைவிலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைத் தேடி ஒரு பெரியவர் வந்திருப்பதாக ஆயா வந்து சொன்னார். இறங்கிப் போனேன். வெள்ளைத் தாடி, ஒட்டிய கன்னம், காலடியில் கயிறு கட்டிய பெட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். மேடம் கையைக் காட்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா இவரு?" என்றார் மேடம்.

பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "யாருன்னு தெரியலை மேடம். துபாய்லேருந்து வர்றாங்க போல. எங்க வாப்பா கேசட் கொடுத்து விட்டிருப்பாங்க" என்றேன்.

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, அனுமதிக்குக் காத்திராமல் மெதுவாகச் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் கண்ணு. வாப்பா பேசறேன்."

குரல் அந்தக் குரல்தான், இருமலும் அதேதான். அந்தக் குரல் ஒரு கிழவரின் வாயிலிருந்து வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வாப்பா, வாப்பா" என்று அழுதேன்.

மேடம் அசையவில்லை. "முதல்ல தெரியலைன்னே. இப்ப வாப்பாங்கறே. நான் எதை நம்பறது?" என்றார். வாப்பா பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதிலும் கறுத்த முடிக்காரர்தான் இருந்தார். மேடம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அனுப்பி வைக்கிறேன்."

வாப்பா வரப்போவது உம்மாவுக்கே தெரியாது. என்னையும் அழைத்துக்கொண்டு திடீரென்று வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மெட்ராஸிலிருந்து நேரே இங்கே இறங்கியிருக்கிறார். எனக்கு மேடத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வாப்பாவோ, "மேடம் சொல்றது நியாயந்தாங்க. முகம் தெரியாத ஆளோட புள்ளையை அனுப்பக் கூடாது" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக நாகூர் பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலை மறுபடி ஆயா கூப்பிட்டார். விசிட்டர் அறையில் உம்மா உட்கார்ந்திருந்தார், அழுது வீங்கிய கண்களோடு. பக்கத்தில் வாப்பா. தாடியை முழுக்க மழித்திருந்தார். தலைக்குப் பூசிய மை நெற்றி ஓரத்தில் கறையாக ஒட்டியிருந்தது. வீட்டுப் போட்டோவில் இருப்பவர் மாதிரி ஆகப் பார்த்திருக்கிறார்.

நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். உம்மாதான் வந்திருக்கிறாரே, இனி யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனாலும் வாப்பா ஸலாம் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நான் முதலில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.