தறிக்குழிக்கு மேல் ஒரு கார்

கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் தறி உண்டா? நெசவு வீட்டில் பிறந்தவள். கை சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் அம்மாவிடம் மாப்பிள்ளையே நேராகச் சொன்னார்.

"ரெண்டு குழி இருக்குதும்மா. தறி மரம்தான் இல்ல. எடுத்துக்கினு வந்தா போட்டுக்கலாம்."

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். குழி இருந்தால் பாதித் தறி இருந்த மாதிரி என்று நம்பிப் போனேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஒரு குழியின் மேல் கார் நின்றுகொண்டிருந்ததைத்தான் சொல்லாமல் விட்டிருந்தார்.

அவர் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். மாகறலில் ஒரு குடியானவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்த சீமைக் காரை, பின்சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளை இறக்கிவிட்டு, மாடு கட்டி இழுத்து வந்திருந்தார். எங்கள் கூடத்தில் சந்துப் பக்கம் சுவருக்குப் பதிலாக இருந்த மரத்தட்டியைக் கழற்றி, காரை உள்ளே தள்ளி, சரியாகத் தறிக்குழியின் மேல் நிறுத்தியிருந்தார். குழிக்குள் இறங்கி நின்று அண்ணாந்து வேலை பார்ப்பார். இப்படி ஒரு வசதி கம்பெனியில்கூட இல்லை என்று பெருமை வேறு.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வண்டியை அவர் ஓடவைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஓரிக்கை வரை போய்ப் பாலாற்று மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து மாதிரி கத்தும் ஹாரன். வழியெல்லாம் அமுக்கியது நான்தான். எனக்கும் அந்த வண்டி பிடித்திருந்தது. பழைய வண்டி சேர்க்கிறவர் என்று தெருவில் அவரை மரியாதையாகப் பேசினார்கள். எனக்கும் அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அப்புறம் அதன் கார்புரேட்டர் மக்கர் செய்தது. அதற்காக இன்னொரு செத்த காரை வாங்கினார். அதிலிருந்து கழற்றியது இதில் பொருந்தவில்லை. ஆனால் அந்த வண்டியை விட மனசு வரவில்லை; அது இரண்டாவது குழியின் மேல் ஏறிக்கொண்டது. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து மூன்றாவது வந்தது. கொல்லையில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே அதை நிற்கவைக்க, முதல் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினார். மூன்று கார் இருந்தது. ஓட ஒன்று இல்லை. என்றைக்காவது கேட்டால், "வேலை நடந்துக்கினு இருக்குதும்மா" என்பார். எனக்குக் கூடத்திற்குள் நடக்கவே எரிச்சலாக இருக்கும். போகும்போதும் வரும்போதும் ஏதாவது ஒரு மட்கார்டு முழங்காலில் இடிக்கும்.

மழைக்காலத்தில் சாரல் அடித்து வண்டி துருப்பிடிக்கிறது என்று, மரத்தட்டி இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பினார். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் கதவு.

"வண்டி எப்படிங்க வெளிய போவும்?" என்று கேட்டேன்.

"அது எங்க போவப் போவுது இப்ப?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வண்டி வைத்திருக்கிறவர் இப்படிப் பேசமாட்டார். வண்டியிடம் மாட்டிக்கொண்டவர்தான் பேசுவார் என்று தோன்றியது.

அந்த வருஷமே என் தம்பி புதுத் தறி போட்டான். கல்யாணத்துக்கு முன் நான் நெய்துகொண்டிருந்த தறியைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றி எனக்கு அனுப்பினான். இறக்க இடமில்லை. கொல்லைச் சுவரில் சாத்தினோம். காருக்குச் சுவர், கொல்லைக் காருக்குக் கீற்று, என் தறிமரத்துக்கு மட்டும் மழை. தூறல் போடும்போதெல்லாம் கோணிப்பையோடு ஓடுவேன். ஒருநாள் கோணியைத் தூக்கினால், நெய்த புடவையைச் சுருட்டுகிற உருளைக் கட்டையைக் காணோம்.

கூடத்தில் இருந்தது. முதல் காரின் அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்.

"நல்ல மரம்மா. கொஞ்சம்கூட ஆடல பாரு" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து அவர் கட்டிய சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஒரு கல்தான் பெயர்ந்தது. அவர் பதறி வெளியே ஏறி வந்தார். முகமெல்லாம் கிரீஸ். என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அச்சுக்குக் கீழே செங்கல் அடுக்கி, கட்டையை உருவி, தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்து என்னிடம் நீட்டினார்.

"கடப்பாரைய கொடு. நீ இடிச்சா கல்லு பானெட்டு மேல விழும்."

அவரே சுவரை இடித்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டி முதல் காரை வெளியே தள்ளிய காலையில், சந்தில் நெசவுக்காரர்கள் பட்டு நூலைச் சந்து நீளத்துக்கும் இழுத்துப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாவு போட்டுக்கினு இருக்கோம், இப்பதான் உனக்கு நேரம் கிடைச்சுதாபா?" என்று சத்தம் போட்டார்கள். பாவு சுருட்டி முடிகிறவரை கார் வாசலிலேயே காத்துக் கிடந்தது. முன்பே ஒருமுறை காருக்கு விலை கேட்டுப் போன சென்னைக்காரர் அதை வாங்கிப் போக லாரியோடு வந்திருந்தார். ஏற்றிக் கட்டியதும் இவர் லாரியோடு கூடவே நடந்தார். தெருமுனையோடு திரும்புவார் என்று பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது ஒரு கரண்டி கூடவே வைத்தேன். ஆனாலும் மறுநாளே குழியில் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டத் தொடங்கிவிட்டேன்.

தறியைப் பூட்டி, பட்டும் சரிகையும் என் காசில் வாங்கி முதல் புடவை நெய்தேன். மயில்கழுத்து நிறம், மெல்லிய சரிகைக் கரை. தறியிலிருந்து அறுத்து இறக்கியபோது அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்.

"இத விக்காதம்மா. மொதல் புடவ. பெட்டியில இருக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்திலும் சிரித்துவிட்டேன். "ஆரம்பிச்சிட்டீங்களா? நெய்ஞ்சது வெளிய போவணுங்க" என்று அன்றைக்கே பட்டுக்கடையில் விற்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள்தான் தாங்கியது. ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போனேன். புடவை விற்றுப் போயிருந்தது. யாருக்கு என்று கேட்க வாய் வரவில்லை.

வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக்கு இருவருமாகப் போய் நின்றோம். வெளியூர்க் கூட்டம் அலைமோதியது. மயில்கழுத்து நிறம் எங்கே தெரிந்தாலும் என் கண் ஓடியது; கரையைப் பார்க்கும், இல்லையென்று திரும்பும், மறுபடி ஓடும். இவரைக் கேலி செய்ய எனக்கு இனி வாயில்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் குதிகாலை உயர்த்தி, வெளியூர்க்காரர்கள் நிறுத்தியிருந்த கார் வரிசையை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டுச் சத்தம் தூரமாகக் கேட்டபோதுதான் இருவரும் முன்னால் பார்த்தோம். கருடன் எங்களைத் தாண்டிப் போயிருந்தார்.