காலில் சாக்ஸ் போட்ட நீலக் குஞ்சு

உலகத்தில் இதுவரை மூன்று மாபெரும் மூளைகள் தோன்றியிருக்கின்றன. முதல் இரண்டும் யாருடையவை என்று எனக்குத் தெரியாது; அந்தப் பாடம் நடந்தபோது நான் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மூளை பக்கத்து வீட்டில் இருக்கிறது. என் அத்தையுடையது. அது வேலை செய்ய ஆரம்பித்தால் சூரியனே கொஞ்சம் தள்ளி நின்றுதான் உதிக்கும்.

அத்தைக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே ஊரார் சான்றிதழ்களை லேமினேஷன் செய்து கொடுப்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. தண்ணீர் வரும் நேரம், மாமாவின் ரத்தக்கொதிப்புக் கணக்கு, எந்தக் கோழி எந்தத் தேதியில் முட்டையிட்டது என்ற பட்டியல், எல்லாம் உறைக்குள் பளபளக்கும். உறை போடப்படாமல் நடமாடுவது மாமா ஒருவர்தான்.

வீட்டின் பின்னால் பதினொரு கோழிகள். ஆனால் அத்தைக்கு வேண்டியது இல்லாத பன்னிரண்டாவது: ஒரு நீலக் கோழி. நீலம் என்றால் வான நீலம் இல்லை. ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி ஒரு நிறம். கோழிக்காரர்கள் அதைத்தான் நீலம் என்பார்கள்.

“கறுப்பையும் வெள்ளையையும் கலந்தா சாம்பல் வரும். இதுக்கு எதுக்குக் காலேஜு?” என்று சொல்லி, கறுப்புச் சேவலுக்கு வெள்ளைப் பெட்டையை ஜோடி சேர்த்தார். இரண்டு வருடம் பொரித்ததெல்லாம் கரிக்கட்டை.

“கோழி என்ன பெயின்ட் டப்பாவா?” என்றார் மாமா. அன்று அவர் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

மனசு கேட்காமல் நான் ஒரு சின்ன உதவி செய்தேன். ஒரு கறுப்புக் குஞ்சுக்கு முகப்பவுடர் பூசிவிட்டேன். அத்தை அதைப் பார்த்து ஒரு கத்து கத்தி, கடைக்குப் போன் போட்டு லீவு சொல்லி, மாமாவைக் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு இழுத்து வந்தார். குஞ்சு ஒரே ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. மறுபடியும் கரி. இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “எந்தப் பவுடர்டி அது? வாசனை நல்லாருந்துச்சு” என்றார்.

அப்புறம் யாரோ ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த கோழிப் புத்தகத்தில் உண்மை கிடைத்தது. வெள்ளையில் மை தெறித்த மாதிரி ஒரு ரகம் உண்டு. அதைக் கறுப்போடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் நீலம். படித்ததும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அப்படி ஒரு கோழி போன வருடம் நம்மிடமே இருந்தது. “இது என்ன, மை கொட்டின மேஜை விரிப்பு மாதிரி” என்று தபால்காரருக்குத் தூக்கிக் கொடுத்தவரும் அவரே.

எப்படியோ மை தெறித்த சேவல் ஒன்று வந்தது. கறுப்புப் பெட்டையோடு சேர்த்ததில் ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒன்பதும் நீலம். அத்தை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றிக் களிப்பில் சந்தைக்குப் போய் இன்னொரு பெட்டையை வாங்கி வந்து நேராகக் கூண்டில் விட்டார். புதுக் கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும் என்பது குஞ்சுக்குக்கூடத் தெரியும். “வீட்டுக்கு வந்த விருந்தாளிய வெளில நிக்க வைப்பாங்களா?” என்றார் அத்தை.

ஐந்தாம் நாள் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றன. கூண்டு முழுக்க வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்.

“புதுசா வந்தத ஏம்மா தனியா வைக்கல?” என்றார் கால்நடை டாக்டர்.

“விருந்தாளி, சார்.”

“உங்க விருந்தாளி வெள்ளைக் கழிச்சல் நோயக் கூட்டிட்டு வந்திருக்கும்மா.”

ஒரு வாரத்தில் கூண்டு காலி. சமையலறையில் பல்பு வெளிச்சத்தில் அட்டைப்பெட்டிக்குள் இருந்த குஞ்சுகளும் ஒவ்வொன்றாகப் போயின. விருந்தாளியைப் பற்றி ஒரு அருமையான ஜோக் தயார் செய்துகொண்டு போனேன். அத்தை முட்டைப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, உறைக்கு மேலே விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டிருந்தார். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஒரே ஒரு நீலக் குஞ்சு பிழைத்தது.

“இதுவும் போச்சுன்னா கூண்டப் பிரிச்சுடுவேன். கோழி வளக்கற மூஞ்சியா இது? உங்க வண்டிய அங்கேயே நிறுத்திக்கோங்க” என்றார் அத்தை. வண்டி நிறுத்த இடமில்லை என்று வருடக்கணக்காகப் புலம்பிய மாமா, “வண்டி வெயில்லயே நிக்கட்டும்” என்றார்.

ஒரு மாதம் கழித்து, அத்தை கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், குஞ்சுக்குக் காவலாக நான் இருந்தேன். நோய் இல்லை, நொடி இல்லை. தூங்குகிறது என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் விறைத்திருந்தது.

கைக்குட்டையில் சுற்றிக் குழாய்க்குப் பின்னால் புதைத்துவிட்டு, அந்தக் குழாயிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்காரர் வீட்டுக்குப் பறந்தேன். அவரும் கலர் கோழிப் பைத்தியம். என் இயர்போனை அவர் மகளுக்குக் கொடுத்து ஒரு குஞ்சை வாங்கினேன். அதே அளவு. நிறத்தை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்த்தேன். அச்சு அசல். பெட்டியில் விட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை வந்தார், தூக்கினார், கொஞ்சினார், விட்டார். நாலாம் நாள் கூப்பிட்டார்.

“நம்ம சேவலுக்கும் காலு மொட்டை. பெட்டைக்கும் காலு மொட்டை.” குஞ்சைத் தலைகீழாகப் பிடித்தார். கணுக்காலிலிருந்து விரல் வரை பொடி இறகு. “இவன் மட்டும் எங்கடி சாக்ஸ் வாங்கினான்?”

“குளிருக்கு… தானா வளந்திருக்கும் அத்தை.”

“ஆமாண்டி, ஸ்கூலுக்குப் போறான் பாரு. கலரப் பாத்தவ காலப் பாக்கலையே!”

நான் கூண்டுப் பக்கம் பார்த்தேன். “பிரிச்சுடுவீங்களா?”

“இவன எங்க விடறதாம், உன் தலையிலயா? ரெண்டு வாரம் பெட்டியில தனியா இருக்கட்டும், அப்புறம் கூண்டு. இவனப் பெத்தவன் என்ன கலருன்னு கேட்டியா? கேக்க மாட்டியே. நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வா.”

“காலப் பாத்துத்தான் கண்டுபிடிச்சீங்களா?”

“கால நேத்துத்தாண்டி பாத்தேன். அன்னிக்கு சாயந்திரமே தெரியும்.” அத்தை குஞ்சைப் பெட்டிக்குள் விட்டார். “ஒரு மணி நேரம் எதிர்ல உக்காந்திருக்க, என்னைய ஒரு தடவகூடக் கிண்டல் பண்ணல. அதுவும் போதாதுன்னு மூஞ்சியக் கழுவிட்டு வேற வந்திருந்த.”