பாலம் தாண்டிய மரதன்

மகளுக்கு நான் இரண்டு விதிகள் சொல்லிக் கொடுத்திருந்தேன். வெடிச்சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு அசையக் கூடாது, சிஸ்டர்மாருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நான் வந்து கூட்டிப் போவேன். சனங்கள் ஓடினால் ஏனென்று கேட்கக் கூடாது, கூடவே ஓட வேண்டும், என்னைத் தேடக் கூடாது. பாலம் தாண்டிப் பிள்ளையார் கோயில் மதிலடியில் நிற்க வேண்டும், நான் அங்கே வருவேன். முதலாவது சண்டைக்கு. இரண்டாவது கடலுக்கு.

எங்கள் பக்கம் முன்னால் கடல், பின்னால் வாவி, அதன் மேல் ஒரு பாலம். சிஸ்டர்மார் நடத்தும் பள்ளிக்கூடம் இரண்டுக்கும் நடுவில். சுனாமியாய்க் கடல் வந்த அந்தக் காலையில் பக்கத்து வீட்டு அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிவிட்டார். எனக்கு அது தெரியாது. பொழுது சாயும் வரை அவளைக் கடற்கரைப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது விதி அப்படி வந்தது.

சண்டை முடிந்த மறுவருடம் மகள் தரம் ஏழில் இருந்தாள். நானும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் காலத்தில் மரதன் என்றால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதுதான். றோட்டில் செக் பொயின்ற், யார் பிள்ளைகளை வெளியே விடுவார்கள்? அந்த வருடம்தான் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து வைக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் வீதியில் ஓடவிடுவதென்று அதிபர் சிஸ்டர் முடிவெடுத்தார். கடற்கரை வரை போய், குறுகிய ஒழுங்கையால் பிரதான வீதிக்கு ஏறி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். முதலில் வருபவர்களுக்கு நிறையப் புள்ளி. மற்றவர்கள் வாசலில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மிதித்தாலே இல்லத்துக்கு ஒரு புள்ளி.

விடுவதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். செங்கலடியில் கடையொன்றில் வேலை செய்யும் கணவரிடம் கேட்டேன். "எல்லாப் பிள்ளையளும் ஓடுது, உன்ர பிள்ளை மட்டும் நடக்கிறதா?" என்றார். விட்டேன். மனம் கேளாமல் நானும் போய், ஓடி வரும் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்க வாசலில் நின்றேன்.

பெரிய பிள்ளைகள் வந்தார்கள். பிறகு நடுவில் உள்ளவர்கள். பிறகு ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் விளையாட்டு டீச்சர், அழுதுகொண்டிருந்த இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் கடற்கரை ஒழுங்கைப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி கையில் சோற்றுப் பானை, இன்னொருத்தி கக்கத்தில் கோழி.

"என்ன சிஸ்டர் இது? கடற்கரைப் பக்கமிருந்து புள்ளையள் மூச்சுவாங்க ஓடி வருது. கடல் வருதெண்டு நாங்களும் ஓடிட்டம். பாதிப் பாலத்தில சைக்கிள்ல வந்த ஒராள் சொல்லித்தான் தெரியும், கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கெண்டு!"

"அறிவிச்சிருக்க வேணும், எங்கட பிழைதான்" என்றார் அதிபர் சிஸ்டர்.

"அத விடுங்க. நாங்களும் உங்கட மரதன்ல ஓடியிருக்கம். எங்களுக்கும் புள்ளி போடுங்க" என்றாள் கோழிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் மகள் அந்தக் கூட்டத்திலும் இல்லை என்பது உறைத்தது.

"மஞ்சள் சேட்டு, ரெட்டைப் பின்னல்... கண்டீங்களா அக்கா?"

"எங்களோடதான் ஓடி வந்தது. பாலத்தில திரும்பினதுக்கு மறுகா காணல்லகா."

எந்த விதி? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சனங்கள் ஓடியதால் அவளும் பாலம் தாண்டியிருப்பாளா? சனங்கள் திரும்பிய பிறகு பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக்குள் எங்காவது பதுங்கியிருப்பாளா? சண்டை முடிந்த பிறகு முதலாவது விதி இனித் தேவையில்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. முதலில் சிற்றாலயத்துக்குள் ஓடினேன். மர வாங்குகளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வகுப்பறைகளைப் பார்த்தேன். கணவருக்குப் போன் எடுத்தேன். "பள்ளிக்கூடத்திலயே நில்லு, அசையாத. அவள் வருவாள்" என்றார். சிஸ்டரும் அதையே சொன்னார்.

நின்றேன். நிற்க முடியவில்லை. கடல் வந்த அன்றைக்கும் இப்படித்தான் பிழையான பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா என்று ஞாபகமில்லை. பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தேன். நான் இந்தப் பக்கம் போக, அவள் அங்கே வந்துவிட்டால்? பிறகு, வருவதற்கும் இந்த ஒரு பாலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் மதிலில் ஏறிக் குந்தியிருந்தாள். செருப்பும் இல்லை, சப்பாத்தும் இல்லை, காலெல்லாம் புழுதி. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவு நேரமும் என்னம்மா செய்தீங்க? கோயிலடிக்கு வாறன் எண்டு நீங்கதானே சொன்னீங்க!"

"கடல் வரல்ல புள்ள. அவங்க சும்மா ஓடியிருக்காங்க."

"எனக்குத் தெரியும். பாலத்தில எல்லாரும் திரும்பிட்டாங்க. ஆனா நீங்க கோயிலுக்குப் போ எண்டுதானே சொன்னது, பாலத்தில நில்லெண்டு சொல்லல்லியே."

கட்டிப் பிடித்தேன். உதறினாள். "கோடு அழிச்சிட்டாங்களா?"

"தெரியா."

அவள் மதிலிலிருந்து குதித்து நடக்கத் தொடங்கினாள். பாலத்தில் ஏறியதும் கேட்டாள், "அம்மா, இனிச் சனம் ஓடினா நான் ஓடுறதா, நிக்கிறதா?"

"ஓடு" என்றேன். "இல்ல, முதல்ல ஏனெண்டு கேளு." இரண்டு வள்ளங்கள் பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டு நின்று, அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால்? "இல்ல இல்ல, ஓடு. ஓடிப்போட்டுக் கேளு."

"நீங்க யோசிச்சு முடிவெடுங்க. நான் போறன், எங்கட இல்லத்துக்கு ஒரு புள்ளி கிடக்கு."

ஓடிவிட்டாள். நில் என்று கத்த வாயெடுத்தேன். ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் பின்னல்கள் துள்ளுவதைப் பார்த்தபடி பின்னால் போனேன். பாலம் முடிகிற வளைவில் அவள் மறைந்ததும் நானும் ஓடத் தொடங்கினேன்.

நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதிபர் சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நின்றார். கோடு அழிபடவில்லை. அதில் ஒரு புழுதிக் கால் பதிந்திருந்தது. மகள் வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி ஆள் வராம கோட்ட அழிக்கிறதில்ல" என்றார் சிஸ்டர். "உங்களுக்காகவும்தான் நிண்டனான்."

அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் பாலம் தாண்டும்போதெல்லாம் கோயில் மதிலைக் கையால் காட்டி, "அது இன்னும் இருக்குத்தானே, அம்மா?" என்பாள். ஓம் என்பேன்.