அன்று கட்டியிருந்த சேலை

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் துணித்துண்டும் நாங்கள் சாயம் போட்ட துணியும் ஒரே நிறம்தானா என்று லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். துளி நீலம் தூக்கலாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அப்படிப்பட்டவன்தான் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினேன். கலரில் எடுத்துப் பிறகு மாற்றுவதல்ல. அதற்கு நிறம் என்ற ஒன்றே தெரியாது. “கண்ணு தெரியறவங்க வாங்கற கேமராங்களா இது?” என்றாள் மனைவி. நாளெல்லாம் நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு காலைகளில் மண்ணரைப் பக்கம் போவேன். பனியன் கம்பெனி வாசல்களில் குவிந்து கிடக்கும் வெட்டுத்துணி மற்ற நாட்களில் கண்ணைக் குத்தும். கேமராத் திரையில் அது மடிப்பும் நிழலுமாக அடங்கிவிடும். ஷேடு சரியில்லை என்று அதை யாரும் திருப்பி அனுப்பவும் முடியாது.

மகளின் பிரசவத்துக்காக மனைவி கனடா கிளம்பிய காலையிலும் அந்தக் கேமராதான் என் கையில் இருந்தது. கேட்டருகே பெட்டியோடு நின்று, கார் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு படம் எடுத்தேன். கேமராக்காரர் இருக்கும்போது நமக்கென்ன என்று செல்போனில்கூட யாரும் எடுக்கவில்லை. ஆறு மாதம் என்று போனவள், பேரனை விட்டு வர முடியாமல் இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். சாப்பிடும்போது அதற்கு எதிரில்தான் உட்காருவேன்.

ஒரு நாள் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டாள். “நான் கெளம்புன அன்னைக்கு எடுத்ததுதானுங்களே? என்ன கலர் சேலை கட்டியிருந்தேன், சொல்லுங்க பாக்கலாம்.”

எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஊரார் துணிக்கெல்லாம் நிறம் சொல்லும் எனக்கு, கட்டியவள் உடுத்தியிருந்த நிறம் தெரியவில்லை. லேபில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். பீரோவில் இருந்த அவள் சேலைகளை எடுத்து, அதே கேட்டில், அதே காலை வெயிலில், ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் படம் பிடித்தேன். “ஏனுங்க, சேலை யாவாரம் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று எதிர்வீட்டம்மா கேட்டார். மூன்று ஞாயிறு போனது. ஒரு பாசிப்பச்சையும் ஒரு செங்கல் சிவப்பும் படத்தில் இருந்த அதே சாம்பலாக வந்து நின்றன. சேலைகளில் அவள் வைக்கும் ரசகற்பூர உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. அழுதுவிடுவேனோ என்றிருந்தது.

அவளுக்குப் பச்சை பிடிக்கும். அடுத்த காலில், “பாசிப்பச்சை” என்றேன், லேபில் ரிப்போர்ட் சொல்லும் குரலில்.

சிரிக்க ஆரம்பித்தவள் சிறிது நேரம் நிறுத்தவே இல்லை. “பீரோவுல தேடிச் சொல்றீங்களாக்கும். கட்டிட்டு வந்த சேலை ஊட்டுல எப்படீங்க இருக்கும்? அது இங்க எங்கிட்டத்தானுங்க இருக்குது!”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. தோற்றுவிட்டேன், நிறத்தையாவது சொல் என்றேன்.

அவள் சிரிப்பு நின்றிருந்தது. “சொல்ல மாட்டேனுங்க. ஊருக்கு வர்றப்ப அதையேதான் கட்டிட்டு வருவேன். அன்னைக்கு அந்தக் கேமராவ ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க.”

அவள் இன்னும் வரவில்லை. லேபில் புதிதாக ஒரு துணியை லைட் பாக்ஸில் வைக்கும்போதெல்லாம், இந்த நிறமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்க்கிறேன்.